ஆணித் துப்பாக்கியும் 'கவனக்குறைவு' என்னும் தீர்ப்பும்

தொழிற்களத்தில் ஒருவன் காயப்பட்டால் முதலில் எழும் கேள்வி, அவன் கவனமாக இருந்தானா என்பதே. கருவி எவ்வாறு அமைந்தது, வேலையின் வேகத்தை வகுத்தவர் யார் என்னும் கேள்விகள் நெடுங்காலம் கழித்தே எழுகின்றன, சிலவேளை எழுவதேயில்லை. அமெரிக்கத் தச்சர்களின் கைக்கு வந்த காற்றழுத்த ஆணித் துப்பாக்கியின் வரலாற்றிலும் இதனையே நாம் காண்கிறோம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஹவார்ட் ஹியூஸ் மரத்தாற் கட்டுவித்த பெரும் விமானத்தின் வேலைக்காக மொரிஸ் பைனூஸ் என்னும் பொறியியலாளர் ஆணியறையும் கருவியொன்றை ஆக்கினார். அவ்விமானம் 1947இல் ஒரேயொரு முறை பறந்து ஓய்ந்தது. கருவியோ ஓயவில்லை. 1950ஆம் ஆண்டளவில் காற்றழுத்தத்தால் இயங்கும் ஆணித் துப்பாக்கிகள் சந்தைக்கு வந்தன. அமெரிக்கப் புறநகர்களில் மரச்சட்ட வீடுகள் ஆயிரக்கணக்கில் எழுந்துகொண்டிருந்த காலம் அது. சுத்தியலாற் பலமுறை அடித்து இறக்கவேண்டிய ஆணியைக் கண்ணிமைப்பொழுதில் இறக்கும் கருவி ஒப்பந்தக்காரருக்கு எத்துணை உவப்பானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தச்சனின் தோளுக்கும் அது ஓய்வளித்தது என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆபத்து விசையில் இருந்தது. இருவகை விசைகள் பெருவழக்காயின. முதல் வகையில், விரல் விசையை அழுத்தியவாறே இருக்க, துப்பாக்கியின் மூக்கு எதிற் பட்டாலும் ஆணி பாயும். மரத்தில் தட்டித் தட்டி விரைந்து செல்லலாம். ஆனால் மூக்குத் தச்சனின் தொடையில் இடித்தாலும், அருகில் நிற்பவனின் கையில் இடித்தாலும் கருவிக்கு வேறுபாடு தெரியாது. ஆணி பாய்ந்ததும் துப்பாக்கி பின்னுதைத்து மீண்டும் மோதினால், எண்ணியிராத இரண்டாவது ஆணியும் பாயும். மற்ற வகையில், மூக்கை மரத்தில் ஊன்றிய பின்னரே விசையை அழுத்த வேண்டும். அடுத்த ஆணிக்கு விசையை விட்டு மீண்டும் தொடங்க வேண்டும்.

2001 முதல் 2005 வரை, ஆண்டொன்றுக்குச் சராசரி 37,000 பேர் ஆணித் துப்பாக்கிக் காயங்களுடன் அமெரிக்க வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தனர். பெரும்பாலோர் வேலையில் காயமுற்றோர். டியூக் பல்கலைக்கழகத்து ஹெஸ்டர் லிப்ஸ்கொம்பும் அவர்தம் குழுவினரும் சென். லூயிஸ் பகுதியில் தொழில் பயிலும் தச்சர்களிடையே ஆராய்ந்தனர். முதல் வகை விசையால் காயப்படும் வாய்ப்பு மற்றதைவிட ஏறத்தாழ இருமடங்கு எனக் கண்டனர். முறையான பயிற்சியும் காயங்களைக் குறைத்தது. ஆயினும் ஒரே மனிதர், ஒரே வேலை. விசை மாறியதும் காயத்தின் கணக்கும் மாறுகிறதென்றால், 'கவனக்குறைவு' என்ற தீர்ப்பு எவ்வளவு தூரம் நிற்கும்?

வேகம் குறையும் என்ற ஆட்சேபம் உடனே வந்தது. அதையும் அளந்து பார்த்தனர். முதல் வகை விசையால் ஆணியறையும் நேரத்தில் பத்திலொரு பங்கு மிஞ்சியது. கட்டிடத்தின் மொத்த வேலை நேரத்தில் அது நூற்றிலொரு பங்குகூட இல்லை. இச்சிறு இலாபத்துக்காகவா இத்தனை விரல்கள்?

2011இல் அமெரிக்க அரசின் தொழிற்பாதுகாப்பு அமைப்புகள் இரண்டு ஒப்பந்தக்காரருக்கு வழிகாட்டி நூலொன்றை வெளியிட்டன. இரண்டாம் வகை விசையையே பயன்படுத்துக. ஆணி பாயுமிடத்திலிருந்து கையை 12 அங்குலமாவது விலக்கி வைக்குக. சிக்கிய ஆணியை எடுக்குமுன் காற்றுக் குழாயைக் கழற்றுக. கண்காப்பு அணிக என்றெல்லாம் அது கூறிற்று. அது வழிகாட்டியே, சட்டமன்று. எந்த விசையுள்ள கருவியை வாங்குவது என்ற முடிவை அது ஒப்பந்தக்காரரின் கையிலேயே விட்டது.