இணையவழி விற்பனை வருமானத்தின் மீதான வரி

இந்தியாவில் இணையத்தின் வழியே சரக்கு விற்று ஈட்டும் லாபம் வணிக வருமானமாகக் கருதப்பட்டு வருமான வரிக்கு உட்படுகிறது. விற்கும் சரக்கின் மீது சரக்கு மற்றும் சேவை வரியும் (ஜிஎஸ்டி) தனியே உண்டு. அமேசான், பிளிப்கார்ட், மீஷோ போன்ற மின்வணிகத் தளங்களில் விற்பவர், சொந்த இணையதளம் வைத்திருப்பவர், வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பவர் ஆகிய எல்லோருக்கும் இந்த இரு வரிகளின் அடிப்படை ஒன்றுதான். தளத்தின் வழியே விற்பவரிடம் மட்டும், பணம் கைக்கு வருமுன்பே இரண்டு சிறு பிடித்தங்கள் நடக்கின்றன. அவை விற்பவரின் பெயரில் முன்கூட்டியே அரசுக்குப் போய்ச் சேரும் தொகைகள். உரிய நேரத்தில் கணக்குக் காட்டினால் அவருக்கே வரவாகும்.

வணிக வருமானம் எது

லாப நோக்கில் சரக்கை வாங்கியோ தயாரித்தோ தொடர்ந்து விற்பது வணிகம். வேலைக்குப் போய்க்கொண்டே மாலை நேரத்தில் நகை, சேலை, மசாலாப் பொடி விற்பவருக்கும் இது பொருந்தும். அந்த லாபம் சம்பளத்தோடு கூட்டிக் கணக்கிடப்படும்.

வீட்டில் பயன்படுத்திய கட்டில், கைப்பேசி, துணி போன்றவற்றை ஒருவர் விற்பது வேறு வகை. சொந்த உபயோகத்துக்கான அசையும் பொருள்கள் வருமான வரிச் சட்டத்தின்படி மூலதனச் சொத்து அல்ல. ஆகவே அவற்றை விற்ற பணத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. நகைகள், ஓவியங்கள், சிற்பங்கள், தொல்பொருள் சேகரிப்புகள் ஆகியவற்றுக்கு இந்தச் சலுகை இல்லை. பழைய பொருள்களைப் பலரிடம் வாங்கி விற்பதையே ஒருவர் தொழிலாகக் கொண்டால் அது வணிகமாகிவிடும்.

வருமான வரி

வரி விதிக்கப்படுவது லாபத்துக்கு. விற்பனைத் தொகையிலிருந்து கொள்முதல் விலை, தளத்தின் கமிஷன், கூரியர் செலவு, பேக்கிங், விளம்பரம், வாடகை முதலியவற்றைக் கழித்தது போக மீதியே வணிக வருமானம். செலவுக்கு பில் இருக்க வேண்டும்.

எல்லாச் செலவுக்கும் கணக்கு வைக்க இயலாத சிறு வணிகருக்காக அனுமான வரித் திட்டம் இருக்கிறது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவால் இது பரவலாக அறியப்படுகிறது. இதன்படி, வங்கி அல்லது மின்னணு வழியே வந்த விற்பனையில் 6 சதவீதமும், ரொக்க விற்பனையில் 8 சதவீதமும் லாபமாகக் கொள்ளப்படும். அதைவிடக் கூடுதலாக ஈட்டியிருந்தால் அந்தத் தொகையைக் காட்ட வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 2 கோடி ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரொக்க வரவு 5 சதவீதத்துக்கு மிகாவிட்டால் 3 கோடி வரை இது செல்லும். கமிஷன், தரகு வருமானத்துக்கு இத்திட்டம் பொருந்தாது. பிறருடைய பொருளுக்கு இணைப்பு கொடுத்து அதன் வழியே கமிஷன் பெறுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

2025-26 நிதியாண்டு முதல், புதிய வரி முறையில் மொத்த வருமானம் 12 லட்சம் ரூபாய் வரை உள்ள இந்தியக் குடியிருப்பாளருக்கு, வழக்கமான விகிதத்தில் வரும் வரி முழுவதும் தள்ளுபடியாகிறது. ஆனால் அடிப்படை விலக்கு வரம்பு 4 லட்சம்தான். வருமானம் அதைத் தாண்டினால், கட்ட வேண்டிய வரி ஏதும் இல்லாவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும்.

1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிரிவு எண்கள் மாறின. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டை வழக்கு போய், வரி ஆண்டு என்ற ஒரே பெயர் வந்தது.

தளம் பிடிக்கும் இரு தொகைகள்

முதலாவது டிடிஎஸ், அதாவது மூலத்தில் பிடிக்கும் வரி. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 194-ஓ பிரிவின் கீழ் 2020 அக்டோபர் 1 முதல் தளங்கள் விற்பனைத் தொகையில் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்தன. 2024 அக்டோபர் 1 முதல் இது 0.1 சதவீதமாகக் குறைந்தது. தனிநபர் அல்லது இந்துக் கூட்டுக் குடும்பத்தின் விற்பனை ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க்கு மிகாமலும், பான் அல்லது ஆதார் எண் தரப்பட்டும் இருந்தால் பிடித்தம் கிடையாது. எண் தராதவரிடம் 5 சதவீதம் பிடிக்கப்படும்.

இரண்டாவது டிசிஎஸ், அதாவது மூலத்தில் வசூலிக்கும் வரி. இது ஜிஎஸ்டி சட்டத்தின் 52ஆம் பிரிவின் கீழ் 2018 அக்டோபர் 1 முதல் வசூலாகிறது. திரும்பி வந்த சரக்கைக் கழித்த, வரிக்குட்பட்ட நிகர விற்பனை மதிப்பில் இது கணக்கிடப்படும். 1 சதவீதமாக இருந்த விகிதம் 2024 ஜூலை 10 முதல் 0.5 சதவீதம்.

டிடிஎஸ் தொகை 26ஏஎஸ் படிவத்திலும் ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் தெரியும்; வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம், மிகுதியைத் திரும்பப் பெறலாம். டிசிஎஸ் தொகையை ஜிஎஸ்டி இணையதளத்தில் ஏற்றுக்கொண்டால் விற்பவரின் மின்னணு ரொக்கப் பேரேட்டில் வரவாகும். இந்த வரவுகளைக் கேட்டுப் பெறாமல் விடுவது சொந்தப் பணத்தை இழப்பதாகும்.

ஜிஎஸ்டி பதிவு

தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவின் பொது வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய். புதுச்சேரி, தெலங்கானா உள்ளிட்ட சில இடங்களில் 20 லட்சம். ஆனால் இந்த வரம்பை மட்டும் நம்பி ஒருவர் இருந்துவிட முடியாது. வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்றால், விற்றுமுதல் எவ்வளவு சிறிதாயினும் பதிவு கட்டாயம். குறிப்பிட்ட கைவினைப் பொருள்களுக்கு மட்டும் நிபந்தனையோடு விலக்கு உண்டு.

மின்வணிகத் தளத்தின் வழியே விற்பவருக்கும் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் இது தளர்ந்தது. வரம்புக்குள் இருப்பவர், தன் மாநிலத்துக்குள் மட்டும் விற்பதாக இருந்தால், பான் எண்ணைக் கொண்டு ஜிஎஸ்டி இணையதளத்தில் சேர்க்கை எண் பெற்று, பதிவு இல்லாமலே தளத்தில் விற்கலாம். அவரிடம் டிசிஎஸ் வசூலிப்பதில்லை. விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் ஜிஎஸ்டியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் வணிகரும் அதே நாள் முதல் மாநிலத்துக்குள் தளம் வழியே விற்க அனுமதி பெற்றார்.

தளத்தின் கிடங்கில் சரக்கை இருப்பு வைப்பவருக்கு இன்னொரு கடமை உண்டு. கோயம்புத்தூர் வணிகர் கர்நாடகத்துக் கிடங்கில் சரக்கு வைத்து விற்றால், கர்நாடகத்திலும் பதிவு பெற வேண்டும்.

உணவகம், வாடகைக் கார் போன்ற சில சேவைகளுக்கு ஜிஎஸ்டி கட்டும் பொறுப்பு தளத்தையே சேரும். சரக்கு விற்பனையில் அந்தப் பொறுப்பு விற்பவருடையது.

ஒரு விற்பனையின் கணக்கு

பதிவு பெற்ற ஒருவர் திருப்பூரிலிருந்து 1,000 ரூபாய் மதிப்புள்ள ஆடையை விற்கிறார் என்று கொள்வோம். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய்க்கு மேற்படாத ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். வாங்குபவர் தருவது 1,050 ரூபாய். தளத்தின் கமிஷன் 150 ரூபாய், அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி 27 ரூபாய், டிடிஎஸ் 1 ரூபாய், டிசிஎஸ் 5 ரூபாய் என்றால் வங்கிக்கு வருவது 867 ரூபாய்.

இந்த விற்பனையில் விற்றுமுதல் 1,000 ரூபாய். வங்கிக்கு வந்த 867 அல்ல. அனுமானத் திட்டத்தின் சதவீதமும், பதிவு வரம்பும், கணக்குத் தணிக்கை கட்டாயமாகும் வரம்பும் பார்க்கப்படுவது அந்த 1,000 ரூபாயை வைத்தே. ஜிஎஸ்டியில் அவர் கட்ட வேண்டியது 50 ரூபாய். கமிஷன் மீதான 27 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாக எடுத்தால் 23 மிஞ்சும். டிசிஎஸ் 5 ரூபாயையும் கழித்தால் 18 ரூபாய். சரக்கை வாங்கியபோது கட்டிய வரிக்கும் பில் இருந்தால் இது இன்னும் குறையும்.

வங்கி வரவை மட்டும் விற்பனையாக எழுதுவது சிறு வணிகர் கணக்குகளில் சிக்கல் தரும் பழக்கம். தளம் அரசுக்கு அனுப்பும் அறிக்கையில் இருப்பது முழு விற்பனை. இரண்டும் பொருந்தாதபோது விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். மாதந்தோறும் தளத்தின் செட்டில்மென்ட் அறிக்கையை இறக்கி, திரும்பி வந்த சரக்கையும் சேர்த்துச் சரிபார்ப்பதே இதற்குத் தீர்வு.

தளம் இல்லாத விற்பனை

சொந்த இணையதளத்தில் தன் சரக்கையே விற்பவருக்கும், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழியே ஆர்டர் எடுத்து யுபிஐயில் பணம் பெறுபவருக்கும் டிடிஎஸ், டிசிஎஸ் பிடித்தங்கள் நடப்பதில்லை. வரிக் கடமை குறைவதுமில்லை. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ வரவுகளை வைத்துச் சிறு வணிகர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது பெரும் விவாதமானது. குடும்பத்தினர் அனுப்பும் பணமும் கடை வரவும் ஒரே கணக்கில் கலந்திருந்தால், எது விற்பனை என்று மெய்ப்பிக்கும் சுமை வணிகர் மீதே விழும். விற்பனைக்கெனத் தனி வங்கிக் கணக்கு வைத்திருப்பது நல்ல காப்பு.

தாக்கலும் ஆவணமும்

அனுமானத் திட்டத்தைத் தேர்ந்த தனிநபர் ஐடிஆர்-4 படிவத்திலும், முழுக் கணக்கு வைப்பவர் ஐடிஆர்-3 படிவத்திலும் தாக்கல் செய்கின்றனர். அனுமானத் திட்டத்தினர் முன்கூட்டிய வரியை மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்டலாம். ஜிஎஸ்டியில் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ளவர் காலாண்டுக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்யும் வசதியைத் தேர்ந்தெடுக்கலாம். வரியை மட்டும் மாதந்தோறும் கட்ட வேண்டும். ஜிஎஸ்டி ஆவணங்களை, அந்த ஆண்டின் ஆண்டுக் கணக்குக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும்.

பிற நாடுகளில்

பிரிட்டனில் வணிக வரவு ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரை இருந்தால் வரியில்லை. 2017 முதல் இந்தச் சலுகை உள்ளது. 2024 முதல் அங்குள்ள தளங்கள் விற்பவரின் விவரங்களை வரித் துறைக்குத் தருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதே கடமை 2023இல் தொடங்கியது. அமெரிக்காவில் 20,000 டாலரும் 200 பரிவர்த்தனைகளும் தாண்டியவரின் வரவைத் தளங்கள் 1099-கே படிவத்தில் தெரிவிக்கின்றன. 2025இல் இயற்றிய சட்டம் இந்த வரம்பை மீண்டும் நிலைநிறுத்தியது. அந்நாடுகள் பெரும்பாலும் தகவலை மட்டும் கேட்கின்றன. இந்தியா தகவலோடு பணத்தில் ஒரு சிறு பங்கையும் முன்கூட்டியே பிடிக்கிறது.

விகிதங்களும் வரம்புகளும் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறக்கூடியவை. ஆகவே நிதியாண்டின் தொடக்கத்தில் நடப்பு விதியை வருமான வரித் துறை, ஜிஎஸ்டி இணையதளங்களில் பார்த்துக்கொள்வதும், வேறு மாநிலத்துக்கு முதல் பார்சலை அனுப்புமுன் ஓர் ஆடிட்டரிடமோ வரி ஆலோசகரிடமோ பதிவு பற்றிக் கேட்டுக்கொள்வதும் இணையத்தில் விற்கத் தொடங்கும் ஒவ்வொருவருக்கும் அவசியம்.