வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டைக்கு எத்தனை கட்டம்?

அரக்கோணம்–ரேணிகுண்டா இருப்புப்பாதை 1862இல் சென்னை ரயில்வே நிறுவனத்தால் அமைக்கப்பட்டது. அப்பாதையில், தமிழக எல்லையைக் கடந்ததும் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்னும் சிறு நிலையம் வருகிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக எழுதினால் இப்பெயருக்கு 28 எழுத்துகள். ரயில்வே குறியீடோ மூன்றே எழுத்து: வி.கே.இசட். திருப்பதியின் குறியீட்டுக்கு நான்கு எழுத்து (டி.பி.டி.ஒய்.), சித்தூருக்கு மூன்று (சி.டி.ஓ.), ரேணிகுண்டாவுக்கு இரண்டு (ஆர்.யு.). நிலைநீளமா, மாறுநீளமா என்னும் தரவுத்தளத்தின் பழைய வழக்கை விளங்கிக்கொள்ள இந்த நான்கு ஊர்கள் போதும்.

நிலைநீளம் துளையட்டையின் மரபு. 1928இல் ஐபிஎம் வெளியிட்ட அட்டையில் 80 பத்திகள் இருந்தன. பெயருக்கு 20 ஒதுக்கினால் 20தான். குறைந்தால் வெற்றிடம், மிகுந்தால் வெட்டு. 1970இல் எட்கர் காட் உறவுநிலை மாதிரியை முன்வைத்தபோது, தரவின் தருக்க அமைப்பைச் சேமிப்பு முறையிலிருந்து பிரித்தார். எனினும் 1986ஆம் ஆண்டின் முதல் எஸ்க்யூஎல் தரநிலையில் நிலைநீளச் 'சார்' மட்டுமே இருந்தது. மாறுநீள 'வார்சார்' 1992இல்தான் தரநிலைக்குள் வந்தது.

நிலைநீளத்தின் வேகத்துக்குக் காரணம் எளிய பெருக்கல். ஒவ்வொரு வரிசையும் ஒரே நீளமெனில், ஆயிரமாவது வரிசை எங்கே தொடங்குகிறது என்பதைத் தேடாமலே கணக்கிடலாம். மைஎஸ்க்யூஎல்லின் பழைய மைஐசம் அட்டவணைகள் அவ்வாறே இயங்கின. ஆனால் வெற்றிடங்களும் வட்டில் இடம் பிடிக்கும். ஒரு பக்கத்தில் அடங்கும் வரிசைகள் குறையும். வாசிக்கவேண்டிய பக்கங்கள் பெருகும்.

குறியீடுகளை நான்கெழுத்துச் சாரில் இட்டால் ஒவ்வொன்றுக்கும் நான்கு பைட். வார்சாரில் நீளத்தைக் குறிக்க ஒரு பைட் கூடுவதால் ரேணிகுண்டாவுக்கு மூன்று, சித்தூருக்கு நான்கு, திருப்பதிக்கு ஐந்து. ஆதாயம் ஏதுமில்லை. ஊர்ப்பெயர்களை 28 எழுத்துச் சாரில் இட்டாலோ, எட்டெழுத்துத் திருப்பதி 20 வெற்றிடங்களைச் சுமக்கும்.

இதுவரை பார்த்தது ஆங்கில எழுத்தின் கணக்கு. தமிழில் அப்பெயருக்கு 16 எழுத்துகள். யூனிகோடில் 27 குறிப்புள்ளிகள். யூடிஎஃப்-8 முறையில் 81 பைட்டுகள். 28 பைட் என்று அளந்த புலத்தில் 'வெங்கடநரச' வரையே அடங்கும். 'சி'யின் இகரக் குறிக்குக்கூட இடமில்லை. நீளம் என்பதே எழுத்தா, குறிப்புள்ளியா, பைட்டா என்னும் வினா இங்கு எழுகிறது. ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்ற எடுகோளின்மேல் நின்றது பழைய நிலைநீளம். அந்த எடுகோள் ஆங்கிலத்துக்குப் பொருந்தியது, தமிழுக்கும் தெலுங்குக்கும் பொருந்தவில்லை.

இன்று இன்னோடிபி, யூடிஎஃப்-8 சாரையும் உள்ளுக்குள் மாறுநீளமாகவே கையாளுகிறது. போஸ்ட்கிரஸில் சாருக்கு வேக ஆதாயம் இல்லை என்று அதன் கையேடே கூறுகிறது. ஆக, வேகம் பற்றிய வாதம் பெரிதும் தளர்ந்துவிட்டது. எஞ்சியிருப்பது வரம்பு பற்றிய வினா. நிலைநீளம் என்பது எதிர்காலத்தைப் பற்றிய ஓர் ஊகம். இந்திய ரயில்வே 2010 டிசம்பர் 20 அன்று நான்கிலக்க வண்டி எண்களை ஐந்திலக்கமாக மாற்ற நேர்ந்தது, அத்தகைய ஊகம் ஒன்று காலாவதியானதால்தான்.

குறியீடு நிர்வாகம் ஆக்கியது. அதன் நீளத்தை நிர்வாகமே வரையறுக்கலாம். பெயர் ஊரார் வழங்குவது. அதற்குக் கட்டம் போடுபவர், எந்த மொழியின் எழுத்தைக் கொண்டு அளக்கிறோம் என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.