தொலைக்கணினி இணைப்பும் இணைப்பு முனையின் தொலைவும்: சென்னை முதல் சங்கராபுரம் வரை

ஆய்வுச் சுருக்கம்

கல்வி வளாகக் கணினி ஆய்வகத்திலிருந்து தொலைவிலுள்ள கணினியில் பணியாற்றும் வசதி தமிழகத்தில் பரவிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்வசதி எவருக்குக் கிட்டும் என்பதைத் தீர்மானித்தது கணினி இருந்த இடமன்று, இணைப்பு முனை இருந்த இடமே என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தொலைக்கணினி இணைப்பு, எர்நெட், ஷெல் கணக்கு, சங்கராபுரம்.

முன்னுரை

1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிறுவனக் கணினிக்குள் நுழைய முயன்றனர். நுழைவுக் கட்டளையின் இரண்டு எழுத்துகள் சென்றதும் அமைப்பு செயலிழந்தது. ஆர்ப்பாநெட்டின் முதற்செய்தியே தொலைக்கணினிக்குள் புகும் முயற்சியாக அமைந்தது. தமிழகத்தில் இவ்வரலாறு பெரும்பாலும் கணினிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அணுகலின் வரலாறு தனியே ஆராயப்பட வேண்டியது.

துளை அட்டையும் குத்தகைத் தடமும்

சென்னை ஐ.ஐ.டி.யில் 1973இல் ஐ.பி.எம். 370/155 கணினி நிறுவப்பட்டது. நிரலைத் துளை அட்டைகளாக ஒப்படைத்து விடைக்குக் காத்திருப்பதே அக்கால வழக்கம். ஆய்வாளரே கணினியை நாடிச் சென்றார்.

1986இல் இந்திய அரசின் மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் எர்நெட் பிணையத்தைத் தொடங்கியது. ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், மும்பை தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், மின்னணுத் துறை என எட்டு அமைப்புகள் அதில் இணைந்தன. தொடக்கத்தில் தொலைபேசி வழியாக யு.யு.சி.பி. முறையில் அஞ்சல்கள் சேர்த்துவைத்து அனுப்பப்பட்டன. இம்முறையில் தொலைக்கணினியுடன் உடனுக்குடன் உரையாட இயலாது. நொடிக்கு 9.6 கிலோபிட் வேகக் குத்தகைத் தடங்களே அதற்கு வழிவகுத்தன.

ஷெல் கணக்கும் எஸ்.டி.டி. கட்டணமும்

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கான இணையச் சேவையைச் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் தொடங்கியது. அதன் ஷெல் கணக்கு தொலைக்கணினி இணைப்பேயாகும்: பயனரின் கணினி வெறும் முனையமாக நிற்க, கட்டளைகள் யாவும் வி.எஸ்.என்.எல்.லின் கணினியில் இயங்கின. சென்னைக்குள் இது உள்ளூர் அழைப்பு. 1993இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்த விழுப்புரம் மாவட்டத்தில் அடங்கிய சங்கராபுரத்திலிருந்து சென்னை எண்ணை அழைத்தால் எஸ்.டி.டி. கட்டணமும் சேரும். ஒரே கணினி, ஒரே கணக்கு. தொலைவின் விலை மட்டும் வேறு.

அதே 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பிணையத்தில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதையடுத்து, தத்து யூலோனென் எஸ்.எஸ்.எச். நெறிமுறையை உருவாக்கினார். கடவுச்சொல்லை மறையாக்கமின்றி அனுப்பிய டெல்நெட்டின் இடத்தை அது படிப்படியாகப் பிடித்தது. இணைந்திருப்போரின் சிக்கல் பாதுகாப்பு. சங்கராபுரம் போன்ற ஊர்களின் சிக்கலோ இணைப்பே.

மலையடிவாரம் வரை

1998இல் தனியார் இணையச் சேவைக்கு அனுமதி கிடைத்தது. 2010இல் ஒப்புதல் பெற்ற தேசிய அறிவுப் பிணையம் உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களை அதிவேகத் தடங்களால் இணைத்தது. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை வடம் கொண்டுசெல்வது டான்ஃபிநெட்டின் இலக்கு. 2019இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலை ஊராட்சிகளும் இந்த இலக்கில் அடங்கும். இணைப்பு முனை பெருநகரத்திலிருந்து ஊராட்சியை நோக்கி நகர்வதையே இது காட்டுகிறது.

முடிவுரை

தொலைக்கணினி இணைப்பு தொலைவை ஒழிக்கவில்லை. கணினிக்கான தொலைவை இணைப்பு முனைக்கான தொலைவாக மாற்றியது. இதனை ஊர்தோறும் நிறுவக் கல்லூரிகளின் ஆய்வக வருகைப் பதிவேடுகள், தொலைபேசிக் கட்டணச் சீட்டுகள், இருப்புப் பதிவேடுகள் ஆகியன முதன்மைச் சான்றுகளாகும். பயனற்ற பொருள்களைக் கழிக்கும்போது கணினிகளோடு இவையும் கழிக்கப்படின் சிற்றூர்க் கல்லூரிகள் இவ்வரலாற்றில் இடம்பெறா. எனவே அவற்றைத் தொகுத்துக் காப்பது உடனடித் தேவையாகும்.