கெடாத் தோட்டப்புறத்தில் வயலின் இசைத்தட்டு: காலம், சுருதி, பாவம்

கெடாவின் தென்பகுதியில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலமும் ஆசியாவில் இசைத்தட்டு வாணிபம் வேரூன்றிய காலமும் ஏறத்தாழ ஒன்றே. கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளரான ஃபிரெட் கைஸ்பெர்க் 1903இல் சிங்கப்பூரில் பாடகர்களைப் பதிவு செய்தார். அந்நிறுவனத்தின் தட்டு வார்க்கும் ஆலை 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் இயங்கத் தொடங்கியது. மறு ஆண்டே ஆங்கில–சயாம் உடன்படிக்கையால் கெடா பிரிட்டிஷார் ஆதிக்கத்துக்குள் வந்தது. பிறையிலிருந்து சுங்கை பட்டாணி, அலோர் ஸ்டார் வழியாகச் சென்ற இருப்புப்பாதை 1918இல் சயாம் பாதையோடு இணைந்தபோது, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய ஆட்களுக்கும் சரக்குக்கும் கெடா எட்டும் தொலைவாயிற்று.

வயலினைத் தமிழர் இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முதலில் வைத்து எண்ணப்படுபவர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) ஆவார். ஐரோப்பியரிடம் கற்ற அக்கருவியை அவர் வழிவந்தோர் தரையில் அமர்ந்து, அதன் தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கலாயினர். நான்கு தந்திகளையும் ச–ப–ச–ப என்ற முறையில், ஐரோப்பிய வழக்கத்தைவிடத் தாழ்த்திச் சுருதி கூட்டினர். தந்தி தளர்ந்தமையால் கமகம், அதாவது ஒரு சுரத்தை அசைத்தும் வளைத்தும் ஒலிக்கும் முறை, எளிதாயிற்று, நாதமும் கனத்தது. மலாய் ரோங்கேங் ஆட்டத்தின் ‘பியோலா’வும் இதே கருவிதான், எனினும் கூட்டும் சுருதியாலும் வாசிக்கும் முறையாலும் இரண்டும் காதுக்கு வேறு வேறு கருவிகளாகவே படும்.

கச்சேரியில் வயலின் பெரும்பாலும் பக்கவாத்தியமாகவே இருந்தது. அதைத் தனித்துக் கேட்கும் பழக்கத்தை வளர்த்ததில் துவாரம் வேங்கடசாமி நாயுடு (1893–1964), மைசூர் சௌடையா (1895–1967) ஆகியோரின் பங்கு பெரிது. சௌடையா ஒலி பெருகும்பொருட்டு ஏழு தந்தி வயலினையே வழக்கில் கொண்டுவந்தார். ஆனால் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கியது ஏறத்தாழ 3 நிமிடமே. மேடையில் அரைமணி நேரம் விரியும் தோடி ராக ஆலாபனையை அதற்குள் ஒடுக்கும்போது முதலில் பலியாவது விளம்ப காலம் என்னும் நிதான நடை. கீர்த்தனங்களும் மத்திம காலத்திலோ அதற்கும் சற்று விரைவாகவோ ஓடின. அக்காலத்து வித்துவான்கள் இயல்பாகவே விரைந்து வாசித்தனர் என்று தட்டுகளை மட்டும் கேட்டு முடிவு கட்டுவது பிழையாகும்.

தோட்டத்தில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் சேர்ந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு மின்சாரம் எட்டாத நாளில் சாவி கொடுத்து முடுக்கும் கிராமபோன் பெட்டியே பயன்பட்டது; ஆணுக்கு நாள்கூலி 50 காசு என்பதே நல்ல கூலியாகக் கருதப்பட்ட அக்காலத்தில் பால் வெட்டுவோர் அதை வாங்குவது அரிது, எழுத்தர்களான கிராணிமார் வீட்டிலும் பட்டணத்துக் கடையிலும் ஒலிப்பதைக் கேட்பதே வழி. அப்பெட்டியின் வில் தளரத் தளரத் தட்டின் சுழற்சி குறையும். நிமிடத்துக்கு 78 சுற்று ஓட வேண்டிய தட்டு 74 சுற்று ஓடினால், 3 நிமிடப் பதிவு ஏறத்தாழ 10 விநாடி நீளும். அதே வேளையில் சுருதியும் ஏறக்குறைய அரைக் கட்டை இறங்கும். கட்டை என்பது ஆதார ஷட்ஜத்தின் உயரத்தைக் குறிக்கும் அளவு: ஆர்மோனியத்தின் முதல் வெள்ளைக் கட்டை ஒன்று, அதையடுத்த கறுப்புக் கட்டை ஒன்றரை, அடுத்த வெள்ளை இரண்டு. எனவே இரண்டு கட்டையில் வாசித்த வித்துவான் ஒன்றரைக் கட்டையில், சற்றே சோர்ந்த நடையில் கேட்பார். சாவியைத் திருகியதும் விறுவிறுப்பு மீளும். மேடையில் காலமும் சுருதியும் கலைஞர் தனித்தனியே தேர்ந்துகொள்பவை. தட்டிலோ ஒன்று நகர்ந்தால் மற்றதும் நகரும், இவ்விரண்டோடு ராகத்தின் பாவமும், அதாவது அது எழுப்பும் உணர்வும், சாயல் மாறும். முகாரி ராகத்தின் சோகத்தில் எவ்வளவு வித்துவானுடையது, எவ்வளவு தளர்ந்த வில்லினுடையது என்பதைத் தட்டைக் கேட்டு மட்டும் பிரித்தறிய இயலாது.

1946இல் தொடங்கிய மலாயா வானொலியின் தமிழ் ஒலிபரப்பு, நீண்டு ஓடும் தட்டு, பிறகு ஒலிநாடா என ஒவ்வொன்றும் வந்தபின் மூன்று நிமிடக் கட்டு தளர்ந்தது. குன்னக்குடி வைத்தியநாதன் (1935–2008) போன்றோர் திரைப்பாடலையும் வயலினில் வாசித்துப் பெற்ற புகழ் அப்பிற்காலத்தைச் சேர்ந்தது.

சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ பீடோங்கிலோ பழைய வயலின் தட்டு வைத்திருப்போர் அதைக் கணினியில் ஏற்றும்போது, எத்தனை சுற்றில் ஓடவிட்டனர், சுருதி எத்தனை கட்டையில் நின்றது என்ற இரண்டையும் எழுதி வைக்க வேண்டும். அக்குறிப்பு இல்லாத பதிவைக் கொண்டு எந்த வித்துவானின் காலப்பிரமாணத்தையும் மதிப்பிடலாகாது.