ஜவளகிரிக் காடுகளில் வேட்டைத் துப்பாக்கி: ஈரமும் துருவும்

இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, உரிகம் காடுகள் ஒரு காலத்தில் பெங்களூரிலிருந்து வந்த வேட்டைக்காரர்களின் களமாக இருந்தன. ஒரு பக்கம் சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டம், மறுபக்கம் மைசூர் சமஸ்தானம். இடையில் எல்லை இருந்தாலும் காடு ஒன்றுதான். அங்கே துப்பாக்கி எப்படிப் பயன்பட்டது, இப்பகுதியின் வெப்பமும் ஈரமும் அதை என்ன செய்தன, அதன் விளைவு யார் தலையில் விடிந்தது என்பதை இக்கட்டுரை சொல்கிறது. வேட்டையைப் போற்றுவது இதன் நோக்கமன்று.

துப்பாக்கி யாரிடம் இருந்தது?

1878ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டத்தின்படி இந்தியர்கள் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் பெற வேண்டும். ஐரோப்பியர்களுக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது. இதனால் ஒரே காட்டில் இரண்டு வகைத் துப்பாக்கிகள் உலவின. வெளியிலிருந்து வந்தவர் கையில் குழலுக்குள் புரி வெட்டிய, தோட்டா போடும் ரைபிள் இருந்தது. ஊர்க்காரர் கையில், கிடைத்தால், வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. ராகிக் கொல்லையில் பன்றி விரட்ட அது போதும். புலிக்கும் யானைக்கும் அது போதாது. ஆனால் அவற்றின் மேலும் அது சுடப்பட்டது.

கென்னத் ஆண்டர்சன்

இக்காடுகளைப் பற்றி அதிகம் எழுதியவர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974). பெங்களூரில் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவருடைய ‘நைன் மேன் ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக்’ 1954இல் வெளிவந்தது. ஜவளகிரியின் ஆட்கொல்லிப் புலியும், கும்மளாபுரத்துச் சிறுத்தையும் அந்த நூலில்தான் வருகின்றன. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, சின்னாற்றங்கரை என்று நம் ஊர்ப் பெயர்கள் ஓர் ஆங்கில நூலில் பக்கத்துக்குப் பக்கம் வருவதைப் பார்க்க இப்பகுதி மாணவர்கள் ஒருமுறையாவது அதைப் புரட்ட வேண்டும். அவர் சொல்லும் சம்பவங்கள் எல்லாவற்றையும் அப்படியே நம்பலாமா என்பது வேறு கேள்வி. பெரும்பாலானவற்றுக்கு அவர் மட்டுமே சாட்சி.

அவர் பெரிதும் பயன்படுத்தியது .405 வின்செஸ்டர் ரைபிள். ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1895 மாதிரி அது. கைப்பிடி நெம்புகோலைக் கீழே இழுத்து மேலே தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். 1909இல் அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்க வேட்டைக்குக் கொண்டு போனதும் இதே வகைதான். நெம்புகோலை இழுத்தால் அதன் உள்ளுறுப்புகள் திறந்துகொள்ளும். நம் ஊர்ப் புழுதியும் சாரலும் உள்ளே போக வழி உண்டு என்று பொருள்.

குழலுக்குள் நடந்த வேதியியல்

இப்பகுதிக்குத் தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டுமே உண்டு. இடையில் கோடை இடிமழை வேறு. தளி, ஜவளகிரிப் பக்கம் இரவில் நன்றாகக் குளிரும். இரவு முழுவதும் பரண்மேல் கிடந்த இரும்புக் குழல் குளிர்ந்துபோகும். விடியலில் அதன்மேல் பனித்துளி படியும். அதை அப்படியே கதகதப்பான வீட்டுக்குள் கொண்டு வந்தால், குளிர்ந்த செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல் குழலும் வியர்க்கும், உட்புறமும் சேர்த்து.

இதைவிடப் பெரிய எதிரி தோட்டாவுக்குள்ளேயே இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பாலான தோட்டாக்களின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலின் புரிகளில் படியும். குளோரைடு நம் சமையல் உப்புக்கு நெருங்கிய உறவு. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். குழலுக்குள்ளும் அதே கசிவுதான். ஓரிரு நாளில் துரு பிடிக்கும், பிறகு புரியின் விளிம்பு அரிக்கும். எண்ணெயில் உப்பு கரையாது என்பதால் வெறும் எண்ணெய் போட்டுத் துடைத்தாலும் பயனில்லை. உப்பு எண்ணெய்க்கு அடியில் உட்கார்ந்து தன் வேலையைச் செய்யும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் கொதிநீரை ஊற்றிக் கழுவி, சூட்டிலேயே உலரவிட்டு, துணியால் துடைத்து, அதன்பின்தான் எண்ணெய் போட்டார்கள். துரு வராமல் இருக்கத் தண்ணீர் ஊற்றுவது முரணாகத் தோன்றும். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள். கரைதிறன் பாடம் அதற்குப் பிறகு மறக்காது.

எண்ணெயிலும் வேறுபாடு உண்டு. அக்காலத்தில் பேர் பெற்றது பர்மாவின் கனிம எண்ணெயான ரங்கூன் எண்ணெய். சமையல் எண்ணெய்கள் நாள்பட்டால் கெட்டு அமிலத் தன்மை பெறும். சில பிசின்போல் இறுகி விசையைப் பிடித்துக்கொள்ளும்.

தோல் உறையில் போட்டு மூடி வைப்பதும் தவறு. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். மரக்கட்டை மழையில் உப்பி, கோடையில் சுருங்கினால் குறி மாறும். காகிதக் கூடு கொண்ட தோட்டாக்கள் ஈரத்தில் பருத்துக் குழலுக்குள் நுழையாது. சும்மா சாத்தி வைத்த துப்பாக்கியின் குழலில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். பார்க்காமல் சுட்டால் குழலே வெடிக்கும்.

வெப்பம் செய்த கேடு வேறு. கார்டைட் என்னும் புகை குறைந்த வெடிமருந்து சூடேறினால் அதிக அழுத்தம் தரும். வெயிலில் கிடந்த தோட்டாவைச் சுட்டால் காலிக்கூடு குழலிலேயே ஒட்டிக்கொள்ளலாம். அதனால் பிரிட்டிஷ் தோட்டா உற்பத்தியாளர்கள் வெப்ப நாடுகளுக்கென்று மருந்தளவைக் குறைத்த தோட்டாக்களைத் தனியாகச் செய்தனர்.

நாட்டுத் துப்பாக்கியின் நிலை இன்னும் மோசம். கருமருந்து எரிந்தபின் விடும் கரியும் உப்புகளும் ஒரே இரவில் ஈரம் இழுக்கும். மருந்து நமுத்துப் போனால் வெடிக்காது, அல்லது பாதி வேகத்தில் வெடிக்கும்.

பாதி வேகத்தில் போன குண்டு

பாதி வேகக் குண்டும் குறி தப்பிய குண்டும் விலங்கைக் கொல்வதில்லை, காயப்படுத்துகின்றன. குமாவூனில் 1907இல் ஜிம் கார்பெட் சுட்டுக் கொன்ற சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் பழைய குண்டுக் காயத்தால் உடைந்திருந்தன. அதனால் இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் போனது என்பது அவர் கருத்து. ஆட்கொல்லிகள் எல்லாமே இப்படி உருவானவை அல்ல. கும்மளாபுரத்துச் சிறுத்தையின் பாதத்தில் முள்ளம்பன்றி முள் ஏறியிருந்ததாக ஆண்டர்சன் எழுதுகிறார். ஆனாலும் காயம்பட்ட விலங்கைத் தேடிப் போகாமல் ஊர் திரும்பியவரின் கணக்கை, அடுத்த மாதம் விறகு பொறுக்கப் போனவர்தான் தீர்த்தார்.

சட்டத்துக்குப் பிறகு

1972ஆம் ஆண்டுச் சட்டம் பொழுதுபோக்கு வேட்டையை முடித்து வைத்தது. மனித உயிருக்கு ஆபத்தான விலங்கைக் கொல்லவும் இன்று தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துமூல ஆணை வேண்டும். 2014இல் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டையும் குடியிருப்புகளும் பெருகின. ஆனால் ராகி முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி வழியாகச் சானமாவு வரை வரும் யானைகள் நிற்கவில்லை.

நாட்டுத் துப்பாக்கியும் முழுதாக ஒழியவில்லை. உரிமமில்லாத துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி அதிகாரிகள் அண்மை ஆண்டுகளிலும் மலைக் கிராமங்களைக் கேட்டுக்கொண்டுள்ளனர். வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியைப் பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமத்துடன் வைத்துக்கொள்ள 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இடம் தருகிறது. அப்படி வைத்திருப்பவர்கள் தேர்தல் அறிவித்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, முடிவு வந்தபின் திரும்ப வாங்க வேண்டும். வாங்கி வந்ததும் முதல் வேலை குழலுக்குள் கம்பி விட்டுத் துரு எடுப்பதுதான்.