மண்ணின் விலையும் மராமத்தின் விலையும்

ஒரு வீடு கைமாறும்போது கிரயப் பத்திரத்தில் ஒரே தொகையாக எழுதப்படும் விலையினுள், மனைக்கு உரிய விலையும் அதன்மேல் எழுந்த கட்டடத்துக்கு உரிய விலையும் ஆகிய இரண்டும் கலந்திருக்கின்றன என்பதை விற்போரும் வாங்குவோரும் ஒருங்கே அறிவர். ஆயினும் பேரம் தொடங்கியதும், விற்பவர் தாம் போட்ட தளவரிசையையும், மாற்றி அமைத்த ஓட்டுக் கூரையையும், வெட்டிய கிணற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துரைத்து அவற்றுக்குச் செலவான பணத்தைக் கணக்குச் சொல்ல, வாங்குபவரோ தெருவின் அகலத்தையும் மனையின் நீள அகலங்களையும் மட்டுமே மனத்திற் கொண்டு, சுவர் பழையது, மரம் பழையது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போவார். செலவு ஒன்று, மதிப்பு வேறொன்று என்னும் இந்தப் பிணக்கு வீட்டுத் தரகர்கள் நடுவில் பிறந்ததன்று. நம் தென்னாட்டில் அது கிளர்ச்சிகளுக்கு ஒரு காரணமாயிருந்திருக்கிறது. நீதிமன்றங்களை நெடுங்காலம் அலைக்கழித்திருக்கிறது. சட்டசபைகளைக் கொண்டு சாசனங்கள் இயற்றுவித்துமிருக்கிறது. அந்த வரலாறு, கட்டியவனுக்கு அவன் கட்டியதில் என்ன பாத்தியம் என்று இந்நாட்டார் எண்ணிவந்தார்கள் என்பதன் வரலாறே ஆகும்.

சோழர் காலத்து விலை ஆவணங்களில் இந்தப் பிணக்குக்கு இடமே இல்லை. கோயிற் சுவர்களிற் பொறிக்கப்பட்ட அவ்வாவணங்கள் நான்கெல்லையையும் வரையறுத்துச் சொன்னபின், அவ்வெல்லைக்குள் அடங்கிய நிலமும், மேல்நோக்கிய மரமும், கீழ்நோக்கிய கிணறும், மனையும் மனைப்படப்பையும் யாவும் ஒருசேர விற்றுக்கொடுத்ததாக உரைக்கின்றன. இசைந்த விலைப்பொருளை முழுதும் பெற்றுக்கொண்டதாகவும், இதற்கு இதுவே ஓலையன்றி வேறோர் ஓலை காட்டக் கடவதன்று என்றும் விற்றவர் உறுதி கூறுவர். மண்ணுக்கு உரியவனே மண்மேல் உள்ளவற்றுக்கும் உரியவனாயிருந்த இடத்தில் இரண்டையும் பிரித்து விலையிட வேண்டிய அவசியம் நேரவில்லை. மண் ஒருவனுடையதாகவும், அதன்மேல் வீடெடுத்து மரம் வைத்தவன் மற்றொருவனாகவும் ஆனபொழுதே சிக்கல் தோன்றுகிறது.

இங்கிலாந்தின் சட்டம் ரோமானியரிடமிருந்து பெற்ற ஒரு விதியைப் பின்பற்றி, நிலத்தோடு பிணைக்கப்பட்டது எதுவாயினும் அது நிலத்தையே சேரும் என்று கொண்டது. அந்த விதியை அப்படியே இந்நாட்டின்மீது சுமத்தியிருப்பார்களானால், வாடகை மனையில் வீடு கட்டிய குடிகள் அனைவரும் ஒரே நாளில் தம் உடைமையை இழந்திருப்பார்கள். நல்லகாலமாக, 1866ஆம் ஆண்டில் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில், தலைமை நீதிபதி சர் பார்ன்ஸ் பீகாக் தலைமையிற் கூடிய முழு அமர்வு, அவ்விதி இத்தேசத்து வழக்கத்துக்கு ஒவ்வாதது என்று தீர்மானித்தது. நியாயமான பாத்தியம் உண்டென்று நம்பிக் கட்டியவன் வெறும் அத்துமீறியவன் ஆகான். ஒன்று அவன் தன் கட்டடத்தைப் பிரித்தெடுத்துக்கொள்ள விடவேண்டும், அன்றி நில உடையவன் அதற்கு உரிய பிரதிபலனைக் கொடுத்து அதனை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அத்தீர்ப்பு கூறியது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இந்த எண்ணத்தை மேலும் துலக்கமாக்கி, தனக்கே முழு உரிமை என நம்பி ஒரு சொத்தை விருத்தி செய்தவன் பின்னர் வெளியேற்றப்படுவானாயின், அவ்விருத்திக்கு வெளியேற்றும் நாளில் உள்ள மதிப்பை அவனுக்கு ஈடாகக் கொடுக்க வேண்டும் என்றது. கொடுக்க மனமில்லையேல், விருத்தியைக் கணக்கிற் சேர்க்காத அந்நாளைய சந்தை விலைக்கு நிலத்தையே அவனுக்கு விற்றுவிட வேண்டும் என்றது. கவனிக்கத்தக்கது யாதெனில், அவன் அன்று செலவிட்ட பணம் இங்கே அளவுகோல் அன்று. இன்று எஞ்சி நிற்பதன் மதிப்பே அளவுகோல்.

இந்த அளவுகோல் மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்ட இடம் மலபார். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து அந்நாடு கும்பினியார் வசமானபின், அங்கே ஜன்மிகள் எனப்பட்ட நிலக்கிழார்களை ஆங்கில நீதிமன்றங்கள் இங்கிலாந்தின் நிலப்பிரபுக்களைப்போல் முற்றுரிமையுடையவர்களாகக் கருதத் தலைப்பட்டன. ஜன்மிக்கு முன்பணம் கொடுத்து நிலத்தை அனுபவித்துவந்த காணக்காரரும், குழிக்காணத்தின்பேரில் தரிசைப் பெற்றுத் தென்னையும் பலாவும் வைத்துப் பயிராக்கியவரும், அம்மனைகளில் வீடெடுத்து வாழ்ந்தவரும், தவணை முடிந்ததென்ற ஒரே காரணத்தால் வெளியேற்றப்படலாயினர். குடியிருப்பவனுக்குத் தெரியாமலே அதிகத் தொகை கொடுக்க முன்வந்த வேறொருவனுக்கு அந்நிலத்தை எழுதிக்கொடுக்கும் மேல்சார்த்து என்னும் வழக்கம் பெருகியது. விருத்திக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்ற பழைய மரியாதை மலபாரில் இல்லாமற் போகவில்லை. ஆயினும் பழங்காலத்து வழக்க விகிதப்படி மரத்துக்கு இவ்வளவு என்று அற்பத் தொகையைக் கணக்கிட்டுக் கையில் வைத்து அனுப்பினால், இருபது ஆண்டு உழைத்தவனுக்கு எஞ்சுவது என்ன?

இக்குறைகளை விசாரிக்க 1881இல் விசேஷ அதிகாரியாக நியமிக்கப்பட்ட வில்லியம் லோகன், ஜன்மிக்கு முற்றுரிமை உண்டென்று நீதிமன்றங்கள் கொண்டதே அடிப்படைப் பிழை என்றும், பண்டைய வழக்கில் விளைவு ஜன்மிக்கும் காணக்காரனுக்கும் உழுதவனுக்கும் பங்காகச் சென்றது என்றும் வாதித்தார். பின்னர், சமஸ்தானங்களின் திவானாயிருந்து புகழ்பெற்ற சர் டி. மாதவராவின் தலைமையில் ஒரு குழு கூடிற்று. லோகன் கேட்ட அளவுக்குக் குடிகளுக்கு நிலைத்த உரிமை கிடைக்கவில்லை. ஆயினும் இந்த விசாரணைகளின் பயனாக 1887ஆம் ஆண்டின் முதலாம் சட்டமாக மலபார் குடிகளின் விருத்தி ஈட்டுச் சட்டம் பிறந்தது. வெளியேற்றப்படும் குடிக்கு அவன் செய்த விருத்தியின் முழு மதிப்பும் தரப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். 1886 ஜனவரி முதல் தேதிக்குப்பின் செய்யப்பட்ட எந்த உடன்படிக்கையும் இவ்வுரிமையைப் பறிக்கவோ குறைக்கவோ வலியுடையதன்று என்ற விதியை இதன் உயிர்நாடி என்று சொல்வேன். ஏனெனில் பத்திரத்தை எழுதுவிப்பவன் ஜன்மி, கைந்நாட்டு வைப்பவன் குடி என்ற நிலையில், சம்மதித்துக் கையெழுத்திட்டான் என்ற சொல்லுக்குப் பொருளே கிடையாது.

இச்சட்டம் 1900ஆம் ஆண்டில் திருத்தி இயற்றப்பட்டபோது, மதிப்பிடும் முறை செம்மையாக வகுக்கப்பட்டது. நிலத்தின் மதிப்பை உயர்த்துவதாயும், அந்நிலத்துக்குத் தகுந்ததாயும், எதற்காக நிலம் விடப்பட்டதோ அந்நோக்கத்துக்கு முரண்படாததாயும் இருப்பதே விருத்தி எனக் கொள்ளப்பட்டது. குடியிருக்கும் வீடும், கிணறும் குளமும், வைத்த மரமும் அதில் அடங்கும். மரங்களுக்குத் தனி விதிகள் அமைந்தன. வீடு முதலியவற்றுக்கோ, மதிப்பிடும் நாளில் அதையே மீண்டும் கட்டுவதானால் கூலிக்கும் மேற்பார்வைக்கும் சாமான்களுக்கும் பிற செலவுக்கும் எவ்வளவு ஆகுமோ அவ்வளவையும் கணக்கிட்டு, வயதாலும் பிற காரணங்களாலும் நேர்ந்த தேய்மானத்தைக் கழித்து மீதியைக் கொடுக்க வேண்டும் என்று விதித்தார்கள். இன்று நம் ஊர்களில் மதிப்பீட்டுப் பொறியாளர் ஒருவர் ஒரு பழைய வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதும் அறிக்கையில் இந்தக் கணக்கையே காண்கிறோம்.

‘தகுந்த விருத்தி’ என்ற நிபந்தனையின் பின்னால் ஒரு சமூக மாறுதல் இருந்தது. பண்டைய மலபாரில் ஓடு வேய்ந்த கூரை கோயிலுக்கும் அரண்மனைக்கும் உயர்ந்தோர் சிலருக்கும் மட்டுமே உரிய கௌரவமாயிருந்தது. ஏனையோர் ஓலையும் வைக்கோலும் வேய்ந்தே வாழ்ந்தனர். 1865இல் பாசல் மிஷனார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவியபின், யந்திரத்தில் அழுத்திச் சுட்ட அந்த ஓடு மேற்குக் கரையெங்கும் பரவிற்று. ஓலைக்குப் பதில் ஓடு வேய்ந்துகொண்ட குடி, தன் வீட்டின் ஆயுளை நீட்டித்ததோடு, தன் பாட்டனுக்கு மறுக்கப்பட்டிருந்த ஒரு கௌரவத்தையும் பெற்றான். அந்தக் கௌரவத்துக்கு எந்த நீதிமன்றமும் ஈடு கணக்கிட இயலாது என்பது மெய்யே. ஆயினும் ஓட்டுக்கும் மரச்சட்டத்துக்கும் தச்சன் கூலிக்குமாவது சட்டம் விலை கொடுக்கச் செய்ததே, அது சிறிய காரியமன்று.

மீண்டும் கட்ட ஆகும் செலவில் தேய்மானத்தைக் கழிப்பது என்ற இக்கணக்கு, ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவன் ஒருவன் எதிரே இருக்கும் வரையிற்றான் செல்லும். வாங்குவதற்கு ஆளே இல்லாத இடத்தில் அது பயன்படாது என்பதற்குச் செட்டிநாடு சாட்சி. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டித்தொழில் செய்து ஈட்டிய பொருளை நகரத்தார்கள் தம் சொந்த ஊர்களில் வீடுகளாக எழுப்பினார்கள். பர்மாத் தேக்கும், இத்தாலியச் சலவைக்கல்லும், ஆத்தங்குடித் தளக்கற்களும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணப்பூச்சும் அவற்றில் தாராளமாய் இடம்பெற்றன. 1930க்குப் பின் நேர்ந்த பொருளாதார வீழ்ச்சியில் கடனுக்கு ஈடாகக் கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழக் காற்பங்கு அவர்கள் கைக்கு வந்து சேர்ந்ததும், ஜப்பானியர் படையெடுப்பாலும் பின்னர் வந்த நிலச் சட்டங்களாலும் அது கைநழுவிப் போனதும் எல்லோரும் அறிந்தவை. பல பங்காளிக் குடும்பங்களுக்குப் பொதுவான அவ்வளவு பெரிய வீட்டை, மனை மலிவான ஒரு சிற்றூரில், முழு வீடாக விலைக்கு வாங்க யார் வருவார்? ஆகவே பல வீடுகளுக்கு விலை என்பது நிலைக்கு இவ்வளவு, கதவுக்கு இவ்வளவு, தூணுக்கு இவ்வளவு என்று பிரித்த சாமான்களின் விலையாகவே முடிந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் கடைகளில் அவை அடுக்கப்பட்டன. கட்டியவர் அதற்குச் செலவிட்டதில், பிரித்து எடுத்துச் செல்லக்கூடியதற்கு மட்டுமே விலை கிடைத்தது. சுவருக்கும் பூச்சுக்கும், கொத்தனாரின் அருமையான கைத்திறனுக்கும் ஒரு காசும் இல்லை. இதை எண்ணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

சென்னைப் பட்டணத்தின் கதை இதற்கு நேர்மாறானது. அங்கே மலிவானது கட்டடம், அருமையானது மண். கோயில்களுக்கும் மடங்களுக்கும் தனியாருக்கும் உரிய மனைகளில் மாதவாடகையாகச் சிறு தொகை செலுத்தி, தம் சொந்தப் பணத்தில் வீடு கட்டிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் பலர். தரைவாடகை தவறாமற் செலுத்தும்வரை யாரும் எழுப்பமாட்டார்கள் என்பதே அவர்கள் நம்பிக்கை. முதல் உலக யுத்தத்துக்குப்பின் பட்டணத்தில் மனை விலை ஏறியபோது, அந்நம்பிக்கையை முறித்துப் பெருந்தொகையானவரை வெளியேற்றும் முயற்சிகள் எழுந்தன. இரட்டையாட்சிக் காலத்துச் சட்டசபை இதற்குப் பரிகாரமாக 1921ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடிவாரதாரர் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அது 1922ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டமாக வெளிவந்தது.

அதன்படி வெளியேற்றப்படும் குடி, தானோ தன் முன்னோரோ எழுப்பிய கட்டடத்துக்கும் வைத்த மரங்களுக்கும் ஈடு பெறும் உரிமை உடையவன். நீதிமன்றம் நிர்ணயித்த தொகையை நில உடையவர் மூன்று மாதங்களுக்குள் கட்டத் தவறினால் வழக்குத் தள்ளுபடியாகும். ஐந்து ஆண்டுகளுக்கு மறுவழக்கும் தொடுக்க இயலாது. இதுவரை மலபார்ச் சட்டத்தின் வழியே வந்தது எனலாம். ஒன்பதாம் பிரிவோ அதனினும் ஒரு படி மேலே சென்று, ஈடு பெறத் தகுதியுள்ள குடி, தன்மேல் வழக்குத் தொடுக்கப்பட்டால், வீட்டை விட்டுக்கொடுப்பதற்குப் பதிலாக, மனையையே தனக்கு விற்கும்படி நீதிமன்றத்தை வேண்டலாம் என்றது. விலையை நீதிமன்றமே நிர்ணயிக்கும். அவ்விலை, உத்தரவுக்கு முந்திய ஏழு ஆண்டுகளில் நிலவிய சந்தை விலைகளுள் மிகக் குறைந்தது. அதனையும் தவணையாகச் செலுத்த மூன்று ஆண்டுவரை அவகாசம் அளிக்கலாம்.

இந்த மிகக் குறைந்த விலை என்னும் விதியை நில உடையவர்கள் அநியாயம் என்றார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. வெற்றுத்தரையாய்க் கிடந்த மனைகளில் குடிகள் வீடுகட்டி, விளக்கேற்றி, கடை கண்ணி வைத்து, தெருவாக்கிய பிறகே அம்மனைகளின் விலை ஏறிற்று. ஏறிய அவ்விலையில் ஒரு பங்கேனும் குடிகளால் உண்டானதே. தானே உண்டாக்கிய ஏற்றத்தைத் தானே விலைகொடுத்து வாங்கும்படி ஒருவனை நிர்ப்பந்திப்பது தர்மமாகாது. ஆயினும் 1960இல் வந்த திருத்தம் அந்த அளவுகோலை மாற்றி, உத்தரவுக்கு முந்திய மூன்று ஆண்டுகளின் சராசரிச் சந்தை விலையே கொடுக்கப்பட வேண்டும் என்றும், முழு மனையன்றி வீட்டை வசதியாக அனுபவிக்கத் தேவையான குறைந்த அளவு நிலத்தை மட்டுமே கேட்கலாம் என்றும் வகுத்தது. இதற்குமுன் 1955இல் பிற நகரங்களுக்கும் விரிவுபெற்றிருந்த இச்சட்டத்திலிருந்து, 1996இல் கோயில் முதலிய சமய நிறுவனங்களின் நிலங்கள் விலக்கப்பட்டன. அந்த விலக்கை 2005இல் உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. கோயில் நிலத்தைக் கோயிலுக்கே காப்பது அவசியம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்நிலத்தில் மூன்று தலைமுறை வீடெடுத்து வாழ்ந்தவருக்கு மனையை வாங்கும் வழி அதனால் அடைபட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதன் விளைவாகச் சென்னையில் கோயில் மனைமீது நிற்கும் வீடுகள் இன்றும் கட்டடம் மட்டும் எனக் குறிப்பிட்டு எழுதப்பட்ட பத்திரங்களின் வழியே கைமாறுகின்றன. அத்தகைய வீட்டுக்கு மதிப்பீட்டாளர் செங்கல்லுக்கும் மரத்துக்கும் தேய்மானம் கழித்துக் கணக்கிட்டால் வருவது ஒரு தொகை. வாங்குபவர் கொடுக்க இசைவதோ, அவ்விடத்தில் தரைவாடகை செலுத்திக்கொண்டு இருந்துவர முடியும் என்ற எதிர்பார்ப்பையும் சேர்த்த, அதனினும் உயர்ந்த வேறொரு தொகை. அந்த வித்தியாசம் மண்ணின் மதிப்பில் ஒரு கூறே என்றாலும், அது மண்ணுக்கு உரிய கோயிலைச் சேராமல், விற்றுவிட்டுப் போகிற குடியைச் சேர்கிறது.