போதைத் தடுப்பும் பொதுக்கல்வியும்: வன்னிநாட்டை முன்னிட்ட ஒரு வரலாற்று நோக்கு

போதைப் பொருள்களை விலக்கி வாழ்தல் தமிழ் மக்களுக்குப் புதிதாக உரைக்கப்பட்ட அறமன்று. கள்ளுண்ணாமைக்குத் தனியோர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், அதனை அறத்துப்பாலில் வையாது பொருட்பாலில் வைத்தமை சிந்திக்கற்பாலது. மயக்கம் தனிமனிதனின் குற்றமாக மாத்திரம் நின்றுவிடாது. நாட்டின் ஆட்சிக்கும் பொருள்வளத்துக்கும் கேடாய் முடியும். இக்கேட்டினைத் தடுத்தற்குச் சட்டமும் கல்வியும் நம் நாட்டில் எவ்வாறு தொழிற்பட்டன என்பதையும், வன்னிநாட்டுக்கு அவ்வரலாறு புகட்டும் பாடம் யாது என்பதையும் ஈண்டு நோக்குவாம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் மது அரசாங்கத்துக்கு வருவாய் தரும் பொருளாகவே கருதப்பட்டது. 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம் பிறந்தபோது, கள்ளுக்கும் சாராயத்துக்கும் வெவ்வேறு தவறணைகள் ஏற்பட்டன. 1904இல் முளைத்திருந்த மதுவிலக்கு இயக்கம் அதனால் மீண்டும் கிளர்ந்தெழுந்தது. எப். ஆர். சேனநாயக்கா, டி. எஸ். சேனநாயக்கா முதலியோர் அதில் முன்னின்றனர். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது அவ்வியக்கத்தலைவர் பலர் சிறையிலிடப்பட்டனர். பின்னர், ஊரவர் வாக்களித்துத் தம் ஊர்த் தவறணையை மூடுவிக்கும் உரிமை மக்களுக்குக் கிடைத்தது. மேலிருந்து வந்த ஆணையைக் காட்டிலும், தாமே தீர்மானித்த விலக்கினை மக்கள் தமதென்று காப்பர் என்பது இவ்வேற்பாட்டின் அடிப்படையாகும்.

வடபகுதியில் இவ்வுணர்ச்சியை வளர்த்தவருள் மாணவர் சிறப்பிடம் பெறுவர். 1924இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய மாணவர் காங்கிரஸ், சமூகச் சீர்திருத்தத்தையும் நாட்டு விடுதலையையும் ஒருங்கே நாடியது. அதன் அழைப்பினை ஏற்று 1927இல் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள், கதரையும் தீண்டாமை ஒழிப்பையும் பற்றிப் பேசியதோடு மதுவிலக்கினையும் வற்புறுத்தினார். பத்தாண்டுகளின் பின், 1937இல், இராஜாஜியின் அமைச்சவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கினை நடைமுறைப்படுத்தியது. அதனாற் குன்றிய வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி விதிக்கப்பட்டது. குடியினின்று வரும் பணமின்றியும் அரசு நடத்தலாம் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

அபின், கஞ்சா முதலியவற்றின் வரலாறு வேறு. நாட்டு வைத்தியத்தில் இவை மருந்தாகவும் வழங்கின. இவற்றைக் கட்டுப்படுத்த 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. பொலிஸ் போதைப்பொருள் ஒழிப்புப் பணியகம் 1973இல் அமைந்தது. பின்னர் எரொயின் பரவத் தொடங்கவே, 1984இல் இரண்டு கிராமுக்கு மேற்பட்ட எரொயினை வைத்திருத்தல் மரணதண்டனைக்கோ ஆயுட்சிறைக்கோ உரிய குற்றமாயிற்று. 2022இல் 'ஐஸ்' எனப்படும் பொருளும் அவ்வாறே கடுந்தண்டனைக்குள் அடக்கப்பட்டது. 1976க்குப் பின் இலங்கையில் மரணதண்டனை நிறைவேற்றப்படவில்லையாயினும், சட்டத்தின் கடுமை படிப்படியாக மிகுந்தே வந்துள்ளது. கேடு மாத்திரம் ஒழிந்திலது.

தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்குரிய சட்டம் நிறைவேறிய அதே 1984ஆம் ஆண்டிலேதான் கிளிநொச்சி, யாழ்ப்பாணத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அடுத்து வந்த ஆண்டுகள் வன்னிக்குப் போரின் ஆண்டுகளாயின. 2009இல் முல்லைத்தீவுக் கரையில் போர் முடிந்தபின், பாதைகள் திறந்தன, வணிகம் வந்தது, அதனுடன் போதையும் வந்தது. காட்டோரங்களிற் கசிப்புக் காய்ச்சுவோரும், பாக்குநீரிணை கடந்து கஞ்சா கொணர்வோரும், பள்ளிச் சிறாருக்கு 'மாவா' விற்போரும் பெருகினர். முல்லைத்தீவின் நீண்ட கடற்கரையும், பல பெருந்தெருக்கள் கூடும் வவுனியாவின் அமைப்பும் கடத்துவோர்க்கு வாய்ப்பாயின. உறவினரை இழந்த துயரமும், தொழிலின்மையும், பெண்ணொருத்தியே தாங்கும் குடும்பங்களின் வறுமையும் அவ்விதைக்கு ஏற்ற நிலமாயின என்பதை மறத்தலாகாது.

இந்நிலையில் பொதுக்கல்வி செய்யற்பாலது யாது? 1987இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை யூன் 26ஆம் நாளைப் போதை ஒழிப்பு நாளாக வகுத்தது. அந்நாளில் ஊர்வலம் நடைபெறும், உறுதிமொழி எடுக்கப்படும், அதிகாரிகள் உரையாற்றுவர். இவை வேண்டத்தக்கனவே; ஆயினும் போதியன அல்ல. அச்சமூட்டும் சொற்பொழிவினாற் பயன் விளைவதில்லையென்றும், மறுத்துரைக்கும் ஆற்றலையும் தீர்மானிக்கும் திறனையும் மாணவர் பழகிப் பெறுவதே பயனுடைத்தென்றும் ஐக்கிய நாடுகளின் உரிய அலுவலகம் 2013இல் வெளியிட்ட தடுப்பு நியமங்கள் உரைக்கின்றன. மேலும், போதைக்கு அடிமையானோர்க்குச் சிகிச்சையும் புனர்வாழ்வும் அளிக்க 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்துள்ளது. அடிமைப்பட்டவன் நோயாளியுமாவான் என்பதைப் பெற்றோர் அறியின், மகனின் பழக்கத்தை நாணத்தால் மறைக்கும் வழக்கம் குன்றும். அவன் காலத்தே காக்கவும் படுவான்.

ஆகவே, விற்பவனைத் தடுத்தல் சட்டத்தின் கடன். வாங்குபவன் தோன்றாமற் செய்தல் கல்வியின் கடன். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்தல் இயலாது. 1924இல் மாணவர் பிறர் உரைக்கக் கேட்டிருந்தவரல்லர்; தாமே கூடி எண்ணிச் செயற்பட்டவர். இன்று நம் பாடசாலைகளில் மாணவர் பெரும்பாலும் அறிவுரை கேட்போராகவே அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் தம் வகுப்பையும் தம் ஊரையும் காக்கும் பொறுப்பினைத் தாமே ஏற்கும் நாளில், வன்னிநாடு போரில் இழந்த ஒரு தலைமுறைக்குப் பின் மற்றொன்றையும் இழவாது காக்கப்படும்.